பெயர் இருந்தது, முகவரி இல்லை: இரண்டு ஹம்மிங் பேர்டுகளின் வரலாறு

போன தவணையில் ஒரு நாள், தரம் 8 வரலாற்றுப் பாடம். வகுப்பறையின் வடக்குப் பக்க ஜன்னலோரம் ஒரு செவ்வரத்தைப் பற்றை நின்றது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது சின்னக் குருவி ஒன்று வந்து பூவுக்குள் அலகை விட்டது. பின் வரிசையில் இருந்த ஒரு மகள் எழும்பி, "டீச்சர், ஹம்மிங் பேர்ட்!" என்று கத்திவிட்டாள். முழு வகுப்பும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"அது ஹம்மிங் பேர்ட் இல்ல மகள், நம்மட தேன்சிட்டு. ஹம்மிங் பேர்ட் இலங்கையில் இல்லை, ஆசியாவிலேயே இல்லை. அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான்" என்றேன். அவள் விடவில்லை. "அப்ப அதுட சரித்திரத்தைச் சொல்லுங்க டீச்சர். நீங்க சரித்திர டீச்சர்தானே?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. பறவைக்குச் சரித்திரம் என்றால் என்ன? யார் முதலில் கண்டார்கள், யார் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயருக்குப் பிறகு அதற்கு என்ன நடந்தது என்பதுதானே? அன்றிரவு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் வாசிப்பு இரண்டு வாரமாக நீண்டது. வாசித்ததை ஊர் உறவுகளோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் முற்றத்துத் தேன்சிட்டும் ஹம்மிங் பேர்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. இரண்டும் தேன் குடிப்பதால் இரண்டுக்கும் அலகு நீண்டது, அவ்வளவுதான். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் குந்திக்கொண்டு குடிக்கும். ஹம்மிங் பேர்ட் அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். சிறகு அடிக்கிற வேகத்தில் எழும் ரீங்காரம்தான் அதற்குப் பெயரைக் கொடுத்தது. நான் இனி ரீங்காரச் சிட்டு என்றே எழுதுகிறேன். ஏறக்குறைய 360 இனங்கள் உண்டு. பறக்கும்போது சிலவற்றின் இதயம் நிமிடத்துக்கு 1000 தடவைக்கு மேல் துடிக்கும்.

இவ்வளவு வேகமாக எரிகிற அடுப்புக்கு இடைவிடாமல் விறகு வேண்டும். இரவில் பூவும் இல்லை, தேனும் இல்லை. அதனால் குளிர் மலைகளில் வாழும் பல இனங்கள் இரவானதும் உடம்பின் சூட்டைக் குறைத்து, மரத்துப்போன நிலையில் கிடக்கும். பெரு நாட்டின் அந்தீஸ் மலையில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் இனத்தின் உடல் வெப்பநிலை 3.26 பாகை செல்சியஸ் வரை இறங்கியது பதிவாகியிருக்கிறது. கையில் எடுத்தால் செத்த குருவி என்றே நினைப்போம். விடிந்ததும் நடுங்கி நடுங்கிச் சூடேறி மறுபடி பறக்கும்.

இந்தச் சிட்டுகளில் பல வாழ்வது முகில் காடுகளில். நம் ஹோர்ட்டன் சமவெளிக்கோ நக்கிள்ஸ் மலைக்கோ போனவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. குட்டையாகக் கூனிப்போன மரங்கள், கிளை முழுக்கப் பாசி, மழையே இல்லாமல் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர். முகில் மலையில் மோதும் உயரத்தில் மட்டுமே இந்தக் காடு வளரும். மேலே போனால் புல்வெளி, கீழே போனால் வேறு காடு. ஆகவே முகில் காடு என்பது மலையின் இடுப்பில் கட்டிய ஒடுங்கிய பட்டி மாதிரி. ஒரு மலையின் பட்டியில் வாழும் உயிருக்கு அடுத்த மலை என்பது கடலுக்கு அப்பாலுள்ள தீவைப் போன்றது. நான் சொல்லப் போகும் இரண்டு சிட்டுகளும் அப்படி ஒதுங்கிப்போனவைதான். ஒன்று ஈக்குவடோரில், மற்றது கொலம்பியாவில். இரண்டும் ஒரே பேரினம்.

அந்தப் பேரினத்துக்கு எரியோக்னமிஸ் என்று பெயர். கிரேக்கச் சொற்களைப் பிரித்தால் 'கம்பளிக் கால்' என்று பொருள் வரும். கால் இரண்டிலும் வெள்ளைப் பஞ்சை உருட்டி ஒட்டியது போன்ற இறகுக் குஞ்சம் இருக்கும். தமிழில் பஞ்சுக்கால் சிட்டு என்று வைத்துக்கொள்வோம். ஈக்குவடோர் மக்கள் இதை 'சமர்ரிட்டோ' என்கிறார்கள். அந்தீஸில் குதிரை ஓட்டுபவர்கள் காலில் மாட்டும் ஆட்டுத்தோல் மேற்காற்சட்டைக்கு 'சமர்ரோ' என்று பெயர். அதைப் போட்டுக்கொண்ட சின்னவன் என்பது போல ஒரு செல்லப்பெயர்.

முதலாவது சிட்டின் கதை

ஈக்குவடோரின் தலைநகரம் கீட்டோ. கடல் மட்டத்திலிருந்து 2,850 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். நமது பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அதாவது நம் நாட்டின் ஆக உயர்ந்த மலையுச்சியைவிட உயரத்தில் ஒரு தலைநகரமே இருக்கிறது. அதன் மேற்குப் பக்கத்தில் பிச்சிஞ்சா எரிமலை நிற்கிறது. 1822 மே 24ஆம் திகதி இந்த மலைச்சரிவில்தான் சுக்ரே தலைமையிலான விடுதலைப் படை ஸ்பானியப் படையைத் தோற்கடித்தது. அந்த நாட்டுப் பிள்ளைகளின் சரித்திரப் புத்தகத்தில் பிச்சிஞ்சா என்ற பெயர் கட்டாயம் இருக்கும்.

அந்தப் போர் முடிந்து ஏறத்தாழ முப்பது வருடத்தில், அதே மலையின் ஒரு சிட்டு ஐரோப்பாவில் பெயர் பெற்றது. ஜூல் பூர்சியே என்பவர் 1849, 1850 காலத்தில் ஈக்குவடோரில் பிரான்சின் கொன்சல். உத்தியோகம் இராஜதந்திரம், ஆசை முழுக்க ரீங்காரச் சிட்டுகள் மேல். அவரும் லியோன் நகரத்து இயற்கையியலாளர் எத்தியேன் முல்சாந்தும் சேர்ந்து 1852இல் இந்தச் சிட்டை விபரித்தார்கள். பெயர் 'நிக்ரிவெஸ்டிஸ்', கறுப்பு உடுப்புக்காரன். ஆண் பறவை கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, தொண்டையில் ஊதா நிறம், வால் பக்கம் கருநீலம், காலில் அந்த வெள்ளைப் பஞ்சு. பெண் பறவை பச்சையும் வெண்கல நிறமும் கலந்தது.

அந்தக் காலத்தில் 'விபரித்தல்' என்றால் எப்படி நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பறவையைச் சுட்டு, அல்லது பொறியில் பிடித்து, உள்ளே இருப்பதை அகற்றி, தோலையும் இறகையும் காயவைத்துப் பஞ்சடைத்துப் பெட்டியில் அனுப்புவார்கள். காலில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். இந்தத் தோல்களுக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை இருந்தது. நூதனசாலைகள் வாங்கின, செல்வந்தர்கள் வாங்கினார்கள், பிற்காலத்தில் பெண்களின் தொப்பிகளுக்கும் போயின. 1851இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் ஜோன் கூல்ட் என்பவர் தன்னிடமிருந்த ரீங்காரச் சிட்டுத் தோல்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் காட்சிக்கு வைத்தார். 75,000 பேரளவில் வந்து பார்த்தார்கள். ஆனால் காட்சி வைத்த கூல்டே அதுவரை உயிருள்ள ஒரு ரீங்காரச் சிட்டைக் கண்டதில்லை. அவர் முதன்முதலில் கண்டது 1857இல், அமெரிக்காவின் பிலடெல்பியாவில். அதற்குள் ரீங்காரச் சிட்டுகளைப் பற்றிய அவருடைய பெரும் நூல்வரிசை பாதிக்கு மேல் வெளிவந்துவிட்டது.

இதை வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாமும் பிள்ளைகளுக்குக் காணாத எத்தனையோ விடயங்களைப் படிப்பிக்கிறோம்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதே காலத்தில் அந்த மலைநாட்டிலிருந்து இன்னொரு பொருளும் வெளியே போனது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் தரும் சிங்கோனா மரத்தின் விதை. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற ஆங்கிலேயர் 1860இல், பிச்சிஞ்சாவுக்குத் தெற்கே சிம்போராசோ மலையின் மேற்குச் சரிவில் விதையும் நாற்றும் சேகரித்து அனுப்பினார். 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைத் தோட்டம் திறக்கப்பட்டதே சிங்கோனாவை இங்கே வளர்த்துப் பார்ப்பதற்காகத்தான். கோப்பியைப் பூஞ்சண நோய் அழித்த பிறகு, தேயிலை முழுமையாக வேரூன்றும் வரை, தோட்டத்துரைமார் சிங்கோனாவை நம்பிப் பிழைத்த சில வருடங்கள் உண்டு. 1880களில் விலை விழுந்ததும் அதையும் கைவிட்டார்கள். அந்தீஸில் சிங்கோனாப் பூவைத் தேடி ரீங்காரச் சிட்டுகள் வரும். ஹக்கலைக்கு மரம் வந்தது, அதன் விருந்தாளி வரவில்லை.

சரி, பிச்சிஞ்சாவுக்குத் திரும்புவோம். கறுப்பு உடுப்புக்காரனின் தோல்கள் நூற்றுக்கு மேல் உலக நூதனசாலைகளில் சேர்ந்தன. நூறு தோல் இருந்தால் அந்தப் பறவையைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? சீட்டுகளில் மலையின் பெயர் இருந்தது. ஆனால் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சில சீட்டு மிகவும் தாழ்வான இடத்தைச் சொன்னது, சில சீட்டு மரமே வளராத உயரத்தைச் சொன்னது. பிடித்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், சீட்டு எழுதியவர் இன்னொருவர் என்றால் இப்படித்தான் ஆகும். எந்த மாதம் எந்த உயரத்தில் இருக்கும், எந்தப் பூவில் குடிக்கும், எங்கே கூடு கட்டும் என்பதெல்லாம் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பறவைக்குப் பெயர் இருந்தது, முகவரி இல்லை.

அந்த முகவரி இல்லாத காலத்தில்தான் அதன் வீடு போனது. கீட்டோ நகரத்து அடுப்புகளுக்கு மரக்கரி தேவைப்பட்டது. மலை முகட்டு முகில் காட்டின் கெட்டி மரங்கள் நல்ல கரி தரும். கரி சுடுபவன் பெரிய பணக்காரன் இல்லை, குடும்பத்தைக் காப்பாற்ற மலையேறிய ஏழை. மரம் போன இடத்தில் உருளைக்கிழங்கும் மாட்டுப் புல்லும் வந்தன. அதுவும் சாப்பாட்டுக்காகத்தான். யாரும் அந்தச் சிட்டை அழிக்க நினைக்கவில்லை. அது அங்கே இருக்கிறது என்பதே வெட்டியவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் தெரியாது.

1950க்குப் பிறகு நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பறவையைக் கண்டதாக உறுதியான பதிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நூற்றுக்கு மேற்பட்ட தோல்கள் நூதனசாலை இழுப்பறைகளில் கிடக்க, மலையில் பறவை இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1993இல்தான் பிச்சிஞ்சாவின் ஒரு முகட்டில் மீண்டும் கண்டார்கள்.

இரண்டாவது சிட்டின் கதை

கொலம்பியாவின் தென்மேற்கில் கௌகா என்ற மாகாணம். அங்கே மேற்கு அந்தீஸில் பிஞ்சே என்று ஒரு தனித்த மலைத்தொடர். ஆயுதக் குழுக்களும் இராணுவமும் பல தசாப்தம் மோதிக்கொண்ட மாகாணம் அது. மலைக்குள் போய்ப் பறவை பார்க்கும் நிலைமை எல்லா நேரமும் இருக்கவில்லை. போர் என்றால் பாதை மூடும் என்பது நம் தலைமுறைக்கு விளக்கித் தெரிய வேண்டிய விடயமில்லை.

2005இல் அலெக்சாண்டர் கோர்த்தெஸ், லூயிஸ் அல்போன்சோ ஒர்த்தேகா என்ற இரண்டு கொலம்பிய ஆய்வாளர்கள் பிஞ்சேயின் முகில் காட்டுக்குள் பறவைகளைக் கணக்கெடுக்கப் போனார்கள். 2,600 மீற்றருக்கு மேல், மரங்கள் குட்டையாகிப்போன இடத்தில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பஞ்சுக்கால் சிட்டைக் கண்டார்கள். ஏறத்தாழ 9 அல்லது 10 சென்ரிமீற்றர் நீளம். ஆண் பறவையின் தொண்டையில் ஊதா நீலமும் அதைச் சுற்றி மின்னும் பச்சையுமாக ஓர் அட்டிகை போட்டது போன்ற நிறம். இதைக் கழுத்தணிப் பஞ்சுக்கால் சிட்டு என்று சொல்லலாம்.

2007இல் அது உலகத்துக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது. பெயர் எரியோக்னமிஸ் இசபெல்லே. கண்டுபிடித்தவர்களில் ஒருவரின் மகள் பெயரால் வைத்தது. இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1852இல் பெயர் வைத்தவர்கள் கையில் இருந்தது ஒரு தோல், ஆகவே உடுப்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். 2007இல் பெயர் வைத்தவர்கள் அந்த மலையில் ஏறியவர்கள், அந்த நாட்டிலேயே பிள்ளை வளர்ப்பவர்கள். தன் மகள் பெரியவளாகும்போது அந்தப் பறவையும் இருக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அறிவித்த அன்றே அதன் முகவரியும் தெரிந்திருந்தது. எந்த மலை, எந்த உயரம், எந்தவிதக் காடு என்று எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் அதோடு சேர்ந்தே இன்னொரு செய்தியும் வந்தது. அந்தப் பறவையின் காட்டில் வருடத்துக்கு 500 ஹெக்டேயர் அளவு கொக்கா பயிரிடுவதற்காகச் சேதமாகிறது என்றார்கள். கொக்கா இலையிலிருந்துதான் கொக்கேன் எடுக்கப்படுகிறது. வீதியும் சந்தையும் இல்லாத மலையில் ஒரு விவசாயிக்கு, வீடு தேடி வந்து காசு கொடுத்து வாங்கிப் போகும் பயிர் அது ஒன்றுதான் என்றால் அவன் என்ன செய்வான்? அந்தக் காசைக் கடைசியில் கொடுப்பவன் வேறொரு நாட்டின் பெரிய நகரத்தில் இருக்கிறான். கரி வாங்கிய கீட்டோவாவது அதே மலையின் அடிவாரத்தில் இருந்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்

ஒன்று தலைநகரத்தின் தலைக்கு மேலே வாழ்ந்தது. மற்றது யாரும் போகாத மலையில் வாழ்ந்தது. ஒன்றை உலகம் 1852இலிருந்து அறியும். மற்றதை 2005 வரை விஞ்ஞானம் அறியாது. ஒன்றின் தோல் நூற்றுக்கு மேல் நூதனசாலைகளில் இருக்கிறது. மற்றது பதிவேட்டுக்கு வரும் முன்னரே அழியும் விளிம்பில் நின்றது. அவ்வளவு வேறுபாடு இருந்தும் இரண்டும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். உலகில் மிக அரிதான ரீங்காரச் சிட்டுகளின் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன.

பிரபலம் ஒன்றைக் காப்பாற்றவில்லை. மறைவு மற்றதைக் காப்பாற்றவில்லை.

நான் முதலில், "ஐயோ, இவ்வளவு காலம் அறியாமல் இருந்துவிட்டார்களே" என்று இரண்டாவது சிட்டுக்காகத்தான் கவலைப்பட்டேன். வாசிக்க வாசிக்க முதலாவதன் கதைதான் கூடக் கவலை தந்தது. அறியாமல் இழப்பது ஒரு வகை. நூற்றைம்பது வருடம் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, இருக்கும் இடத்தை எழுதாமல் இழப்பது இன்னொரு வகை.

இங்கே ஒரு தற்செயல். பிஞ்சேயில் புதிய சிட்டைக் கண்ட அதே 2005இல், கீட்டோ மாநகரம் கறுப்பு உடுப்புக்காரனைத் தன் அடையாளப் பறவையாக அறிவித்தது. தன் அடுப்புகளுக்காகக் காடு இழந்த பறவையை அந்த நகரமே தன் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சும்மா சின்னம் வைத்து என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் அதற்குள் வேறு சில வேலைகளும் நடந்திருந்தன.

2001இல் ஹோகோதோக்கோ என்ற ஈக்குவடோர் அமைப்பு பிச்சிஞ்சாவின் வடமேற்குச் சரிவில் யானகோச்சா என்ற இடத்தில் காணி வாங்கி ஒதுக்ககம் ஆக்கியது. அந்த இடத்தில் பறவை எந்த மாதங்களில் வருகிறது, எந்தப் பூவை நாடுகிறது என்று கவனித்து எழுதத் தொடங்கினார்கள். வருடத்தின் ஒரு பகுதியில் 3,000 மீற்றருக்கு மேலுள்ள காட்டில் தென்படும், மற்ற மாதங்களில் அங்கே காண்பது அரிது என்று தெரியவந்தது. ஒரு நூற்றாண்டுச் சீட்டுகள் சொல்லாததை ஒரு குறிப்புப் புத்தகம் சில வருடத்தில் சொன்னது.

அதே காலத்தில், 2001க்கும் 2003க்கும் இடையில், அமேசான் பக்கத்து எண்ணெயைப் பசிபிக் கரைக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்ப் பாதை ஒன்று அந்தச் சரிவுகளின் ஊடாகப் போடப்பட்டது. ஊர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் இந்தச் சிட்டும் ஒன்று. குழாய் போடப்பட்டது, எதிர்ப்பு தோற்றது. ஆனால் அந்த விவாதத்துக்குப் பிறகு, "அங்கே அப்படி ஒரு பறவை இருப்பது தெரியாது" என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

2006இல் இன்னொரு நல்ல செய்தி. பிச்சிஞ்சாவுக்கு வடக்கே, இன்டாக் பக்கத்துத் தோய்சான் மலைத்தொடரிலும் கறுப்பு உடுப்புக்காரனைக் கண்டார்கள். ஒரே மலைக்கு உரியது என்று நம்பியிருந்த பறவைக்கு இரண்டாவது வீடு. 2008இல் ஈக்குவடோர் தன் புதிய அரசியலமைப்பில் இயற்கைக்கும் உரிமை உண்டு என்று எழுதியது. அந்த ஏற்பாட்டை வைத்து 2021இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், அதே வடமேற்கு மலைப் பகுதியில் உள்ள லோஸ் செட்ரோஸ் என்ற முகில் காட்டில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வழக்கில் அந்தக் காட்டில் எந்த உயிர், எங்கே, எத்தனை என்ற பதிவுகள் சாட்சியாக நின்றன. கொலம்பியாவிலும் பிஞ்சே மலைத்தொடர் பின்னர் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டு பறவைகளும் தப்பிவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்பு உடுப்புக்காரனின் மொத்த எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் இன்றும் சில நூறுக்குள்தான் நிற்கின்றன. கொக்காவின் விலையை பிஞ்சேயில் இருப்பவர்கள் தீர்மானிப்பதில்லை. காலநிலை சூடாகும்போது முகில் இன்னும் மேலே ஏறும், காடும் அதன் பின்னால் ஏறப் பார்க்கும், மலை ஓர் உயரத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஒன்று தெளிவு. இதுவரை காப்பாற்றப்பட்டது எதுவோ, அது இடம் எழுதப்பட்டதால் காப்பாற்றப்பட்டது. காணி வாங்குவதற்கும் முகவரி வேண்டும், வழக்குப் போடுவதற்கும் முகவரி வேண்டும்.

கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் வரலாற்று விரிவுரையாளர், திகதியும் இடமும் இல்லாத ஆவணத்தைக் கொண்டுபோனால் திருப்பித் தந்துவிடுவார். அப்போது அது வீண் கண்டிப்பாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் உம்மும்மாவின் பழைய படப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் யார் யாரோ நிற்கிறார்கள். பின்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. சொல்லக்கூடியவர்கள் மௌத்தாகிவிட்டார்கள். அந்தப் படங்களும் ஒரு வகையில் இழுப்பறையில் கிடக்கும் தோல்கள்தான்.

இதையெல்லாம் அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். சொல்லிவிட்டு, ஜன்னலோரத் தேன்சிட்டுக்கு ஒரு கொப்பி போடுவோம் என்றேன். திகதி, நேரம், எந்தப் பூ, எத்தனை சிட்டு என்று நான்கு நிரல். அந்தக் கேள்வி கேட்ட மகள்தான் கொப்பிக்குப் பொறுப்பு. முதல் வாரமே வகுப்பு ஒரு விடயத்தைக் கண்டுபிடித்தது. சிட்டு கூடுதலாக வருவது காலை முதலாம், இரண்டாம் பாட நேரங்களில். வெயில் ஏறினால் குறைவு. இன்னொரு மகன், பூவின் வாய்ப்பக்கமாக வராமல் அடியில் துளை போட்டுக் குடிப்பதைக் கவனித்து எழுதினான். புத்தகத்தில் படித்து எழுதியதல்ல, கண்ணால் கண்டு எழுதியது.

தவணை விடுமுறை முடிந்து வந்தபோது பற்றை இல்லை. சுற்றுமதில் வேலைக்காக வெட்டியிருந்தார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மதில் தேவைதான், மாடு உள்ளே வரும் பிரச்சினை எல்லோருக்கும் தெரியும். வெட்டியவர்களுக்கு அங்கே ஒரு சிட்டுக்குக் கணக்கு எழுதப்படுகிறது என்று தெரியாது. நானும் போய்ச் சொல்லி வைக்கவில்லை. அது என் பிழை. கரி சுட்டவர்களைப் பற்றி அத்தனை வாசித்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த மகள் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கடைசி வரியில் திகதி போட்டு, நேரம் போட்டு, பூ என்ற நிரலில் "இல்லை" என்றும், சிட்டு என்ற நிரலில் "வரவில்லை" என்றும் எழுதியிருந்தாள். "இனி எழுதத் தேவையில்லயா டீச்சர்?" என்று கேட்டாள்.

எழுத வேண்டும் என்றேன். ஆகவேதான் இந்தப் பதிவு.

உறவுகளே, உங்கள் முற்றத்தில் செவ்வரத்தை இருந்தால், மாரி தொடங்க முன்னர் ஒரு முழ நீளத்தில் இரண்டு கம்பு வெட்டித் தாருங்கள். அடுக்குச் செவ்வரத்தை வேண்டாம், ஒற்றை இதழ்ப் பூ உள்ளதுதான் நல்லது, அதில் சிட்டுக்குத் தேன் எட்டும். மதில் கட்டி முடிந்துவிட்டது. அதன் உட்பக்கமாக ஒரு வரிசை நட அனுமதி கேட்டிருக்கிறோம், கிடைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றப் பிள்ளைகள் முறை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினால் போதும். யார் வீட்டுக் கம்பு, எந்தத் திகதியில் நட்டது என்று ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு வரி இருக்கும். அதற்கும் அவள்தான் பொறுப்பு.